முன்பணம் கட்டிய பசி

கோடை விடுமுறைக்கு ஏற்காடு செல்ல எண்ணும் குடும்பத் தலைவரை, மலைப்பாதையின் முதல் கொண்டை ஊசி வளைவைக் காண்பதற்கு முன்பே ஒரு கேள்வி எதிர்கொள்கிறது. அறை பதிவு செய்யும்போது விடுதிக்காரர் கேட்கிறார்: "அறை மட்டும் போதுமா, சாப்பாட்டையும் சேர்த்துவிடட்டுமா?" தலைக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே கட்டிவிட்டால் மூன்று வேளையும் விரும்பிய அளவு உண்ணலாம், வேளைக்கு வேளை பில்லைப் பார்த்துப் பெருமூச்சு விட வேண்டியதில்லை. பலர் யோசிக்காமலே சரி என்று சொல்லிவிடுகிறார்கள். சிலர் ஒரு வாரம் கணக்குப் போட்டும் முடிவுக்கு வருவதில்லை.

விடுதித் தொழிலில் இதற்கு முறையான பெயர்களே உண்டு. அறை மட்டும் என்றால் 'யூரோப்பியன் பிளான்'. காலை உணவு சேர்ந்தால் 'கான்டினென்டல் பிளான்'. அதோடு மதியமோ இரவோ ஒரு வேளை கூடினால் 'மாடிஃபைட் அமெரிக்கன் பிளான்'. மூன்று வேளையும் என்றால் 'அமெரிக்கன் பிளான்'. சேர்வராயன் மலைமேல் இட்டிலி தின்பதற்கு இத்தனை கண்டங்களின் பெயர்கள் எதற்கோ தெரியவில்லை! அமெரிக்காவில் புளோரிடாவிலுள்ள வால்ட் டிஸ்னி வேர்ல்டு என்னும் கேளிக்கை நகரம் 2005ஆம் ஆண்டு இத்தகைய உணவுத் திட்டமொன்றைத் தொடங்கி, 2020இல் கொரோனாக் காலத்தில் நிறுத்தி, 2024 ஜனவரியில் மீண்டும் கொண்டுவந்தது. அங்கு செல்லும் குடும்பங்களும் நம்மவரைப் போலவே, இது கட்டுபடியாகுமா என்று கணக்குப் போட்டுக்கொண்டுதான் இருக்கின்றன.

உணவுக்கு முன்னதாகவே பணம் கட்டுவது நமக்குப் புதிதன்று. ஊரை விட்டு வந்து தங்கிப் படித்த மாணவர்களும், தனியே தங்கிய குமாஸ்தாக்களும் மெஸ்களில் மாதச் சீட்டு வாங்கித்தான் உண்டு வந்தார்கள். 'அளவுச் சாப்பாடு', 'முழுச் சாப்பாடு' என்று நம் உணவகங்கள் இரண்டாகப் பிரித்துப் பலகை எழுதி மாட்டியதிலேயே இப்பிரச்சினையின் வித்து இருக்கிறது. முன்னதில் சோற்றுக்கு அளவு உண்டு, விலையும் குறைவு. பின்னதில் விலைக்கு அளவு உண்டு, சோற்றுக்கு இல்லை.

அளவு தெரியாத ஒன்றுக்கு விலை பேசலாமா என்ற ஐயம் நம் மார்க்க அறிஞர்களுக்கு எழாமல் இல்லை. பெருமானார் (ஸல்) அவர்கள் மதீனா வந்தபோது, அவ்வூரார் பேரீச்சம் பழத்துக்கு ஓராண்டு, ஈராண்டு முன்னதாகவே விலை கொடுத்து வைக்கும் வழக்கத்தைக் கண்டார்கள். அதை அவர்கள் தடுக்கவில்லை. அளவோ எடையோ தெரிந்திருக்க வேண்டும், தவணையும் தெரிந்திருக்க வேண்டும் என்று ஒழுங்குபடுத்தினார்கள். 'ஸலம்' என்று சட்ட நூல்களில் விரிவாகப் பேசப்படும் வணிகமுறை இதுவே. அப்படியானால் வேண்டிய மட்டும் உண்ணும் சாப்பாட்டின் கதி என்ன? இங்கே குளியற்கூடம் நமக்கு உதவிக்கு வருகிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த இமாம் நவவி (ரஹ்) அவர்கள், கூலி கொடுத்துக் குளியற்கூடத்தில் நுழைவது ஆகுமானது என்பதில் அறிஞர்கள் ஒன்றுபட்டிருப்பதைச் சுட்டுகிறார்கள். ஒருவர் பத்துச் செம்பு ஊற்றுவார், மற்றொருவர் ஐம்பது ஊற்றுவார்; ஒருவர் உடனே வெளியேறுவார், மற்றொருவர் நெடுநேரம் இருப்பார். வேறுபாடு உண்டென்றாலும் அது வழக்கத்தால் பொறுத்துக்கொள்ளப்படும் வேறுபாடு. விடுதியின் உணவு மேசையையும் இந்த வரிசையில் வைத்துப் பார்ப்பதில் தவறில்லை என்றே தோன்றுகிறது.

ஆகுமா என்பது ஒரு கேள்வி. தகுமா என்பது வேறொரு கேள்வி. நம் இல்லங்களில் முன்னதற்கு விடை கிடைத்தவுடன் பின்னதை மறந்துவிடுகிறோம்.

முதலில் கணக்கையே பார்ப்போம். பெரியவர் இருவர், கணவன், மனைவி, பிள்ளைகள் இருவர் என ஆறு பேர். பெரியவர்களுக்குத் தலைக்கு நாளொன்றுக்கு ரூ.1,200, பிள்ளைகளுக்கு ரூ.600 என்று திட்டத்தின் விலையைக் கணக்குக்காக வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு ரூ.6,000 ஆகிறது. இதே உணவைப் பட்டியலைப் பார்த்துத் தனித்தனியே கேட்டால் ரூ.7,500 ஆகும், ஆகவே நாளொன்றுக்கு ரூ.1,500 மிச்சம் என்கிறார் விடுதிக்காரர். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அக்குடும்பம் மூன்று வேளையும் அவ்விடுதியிலேயே, அத்தனை வகைகளையும் கேட்டு வாங்கி உண்டிருக்குமா? காலையில் இட்டிலி, பொங்கல். மதியம் கடைத்தெருவில் ஒரு சாப்பாடு. மாலையில் ஏரிக்கரையில் மிளகாய் பஜ்ஜியும் தேநீரும். இரவில் பரோட்டாவோ தோசையோ என்று முடித்திருந்தால் ரூ.3,000க்குள் அடங்கியிருக்கும். ஒப்பிட வேண்டியது இந்த மூவாயிரத்தோடுதான். வாங்கவே போகாத பொருளின் விலையில் கிடைக்கும் தள்ளுபடியை மிச்சம் என்று எழுதிக்கொள்வது எந்தக் கடைக்காரர் வீட்டுக் கணக்கிலும் செல்லாது. வணிகம் செய்து வாழும் நம் சமுதாயத்தார் கடையில் இதை ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுவார்கள். சுற்றுலா செல்லும்போது மட்டும் ஏனோ கண்ணுக்குப் படுவதில்லை!

இதைவிட ஆழமான சங்கடம், பணம் கட்டிய பிறகு தொடங்குகிறது. அமெரிக்காவில் ஆர்க்ஸ், புளூமர் என்னும் இரு உளவியலாளர்கள் 1985இல் வெளியிட்ட ஆய்வொன்று இதற்கு நல்ல விளக்கம். ஒரு பல்கலைக்கழக நாடக அரங்கில் பருவம் முழுவதற்குமான சீட்டு வாங்க வந்தோரில் சிலருக்கு முழு விலையான 15 டாலருக்கே விற்றார்கள். சிலருக்கு 2 டாலரும், வேறு சிலருக்கு 7 டாலரும் குறைத்துக் கொடுத்தார்கள். யாருக்கு எந்த விலை என்பது குருட்டாம்போக்கில் அமைந்தது. நாடகம் எல்லோருக்கும் ஒன்றுதான், இருக்கையும் ஒன்றுதான். ஆனால் பருவத்தின் முற்பாதியில் முழு விலை கொடுத்தவர்களே மற்றவர்களைவிட மிகுதியாக வந்தார்கள். அவர்களை இழுத்து வந்தது கலை ஆர்வமன்று, கொடுத்த காசு. பிற்பாதியில் அந்த வேறுபாடு மறைந்துபோயிற்று. காசின் சூடு ஆறுவதற்குச் சில மாதங்கள் தேவைப்பட்டன என்று இதை நான் புரிந்துகொள்கிறேன். ஏற்காட்டில் இரண்டு நாள் தங்கும் குடும்பத்துக்கு அச்சூடு ஆற நேரமேது? ஆறுவதற்குள் அடுத்த வேளை வந்துவிடுகிறது.

எனவேதான் உணவு மேசையைச் சுற்றி அந்தக் காட்சியைக் காண்கிறோம். வயிறு போதும் என்கிறது. கட்டிய பணம் இன்னும் கொஞ்சம் என்கிறது. பசியில்லாத பிள்ளையைப் பார்த்து, "காசு கொடுத்திருக்கு, தின்னுடா" என்று தந்தை அதட்டுவதை ஒரு மலை விடுதியில் என் காதாலேயே கேட்டேன். கட்டிய பணம் போனது போனதுதான். இன்னும் ஒரு தோசை தின்பதால் அது திரும்பி வரப்போவதில்லை. அந்தத் தோசை வயிற்றுக்கு நன்மை செய்யுமா, தீமை செய்யுமா என்பது மட்டுமே அப்போது எஞ்சியிருக்கும் கேள்வி. வயிற்றை உணவுக்கும் நீருக்கும் மூச்சுக்குமாக மூன்றாகப் பங்கிடக் கற்றுத் தந்த நாயகத்தின் வழியில் வந்தோர், அந்த மூன்றாவது பங்கையும் பிளானுக்கே எழுதிக் கொடுத்துவிடுகிறோம்.

உண்ண முடியாததைத் தட்டில் எடுத்து வைத்து விட்டுச் செல்வது இதன் மறுபக்கம். பணம் கொடுத்தவருக்கு உண்ணும் உரிமை உண்டு, பாழாக்கும் உரிமை இல்லை என்பதை எந்த விடுதியும் எழுதி ஒட்டுவதில்லை. பலரோடு அமர்ந்து உண்ணும்போது, உடனிருப்போர் இசைவின்றி இரண்டு பேரீச்சம் பழங்களை ஒன்றாக எடுத்து உண்ணலாகாது என்று நபிமொழி தடுக்கிறது. இதை எண்ணிப் பார்க்கும்தோறும் அதன் நுட்பம் வியப்பளிக்கிறது. அங்கே பழத்துக்கு யாரும் விலை கேட்கவில்லை. பொதுவில் வைக்கப்பட்டது யாருடைய பங்கு என்பதே பேச்சு. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் ஒரே சஹனைச் சுற்றிச் சிலர் கூடியமர்ந்து உண்ணும் வழக்கத்தில் இந்த நாகரிகம் சொல்லாமலே கடைப்பிடிக்கப்படுகிறது. அவரவர் கை தம் முன்னாலுள்ள சோற்றைத் தாண்டுவதில்லை. கறித்துண்டை அடுத்தவர் பக்கம் தள்ளி வைப்போரே மிகுதி. அதே மனிதர் விடுதி மேசையில் கோழித் துண்டுகளைக் குவித்துக்கொண்டு நடக்கிறார் என்றால், அவர் கெட்டவராகிவிட்டார் என்பதன்று. சஹனில் அவர் விருந்தாளி. இங்கே அவர் முன்பணம் கட்டியவர். விருந்தாளிக்குரிய தாராளம் கிடைத்தது, விருந்தாளிக்குரிய கூச்சம் கிடைக்கவில்லை.

இவ்வளவும் சொன்னதால் முன்பணச் சாப்பாடு முற்றிலும் வீண் என்று நான் வாதிடுவதாக எண்ண வேண்டாம். அதன் பக்கத்திலும் வலுவான நியாயம் ஒன்று உண்டு. அதை விடுதிக்காரர்களே எடுத்துச் சொல்வதில்லை.

நம் குடும்பங்களில் விலைப்பட்டியல் கைக்கு வந்தவுடன் பசி குறைந்துபோகிற ஒருவர் இருப்பார். பெரும்பாலும் வீட்டின் மூத்த பெண்மணி. எழுதப் படிக்கத் தெரியாவிட்டாலும் எண்களைப் படிக்கத் தெரியும். "எனக்கு ஒரு தோசை போதும் வாப்பா, காலையில் தின்னதே செரிக்கலை" என்பார். மகன் வற்புறுத்துவார், அவர் அசைய மாட்டார். பிள்ளைகள் மிச்சம் வைத்ததை வழித்து உண்டு பசியாறிக்கொள்வார். வாழ்நாள் முழுவதும் பிறர் உண்ட பின் உண்டவருக்கு, ஒவ்வொரு உணவுக்கும் எதிரே ஒரு விலை எழுதி நீட்டுவது ஒருவகைக் கொடுமை. பணம் முன்பே கட்டியாகிவிட்டது, இனிக் கூடவும் குறையவும் ஒன்றுமில்லை என்றால், அவர் தமக்குப் பிடித்ததைத் தயங்காமல் எடுத்துக்கொள்கிறார். மூன்று நாள் அடுப்பின் முகம் பாராமல், அடுத்த வேளைக்கு என்ன என்ற கவலையின்றி இருக்கும் இல்லத்தரசியின் ஓய்வுக்கும் விலையுண்டு. மேலே கண்ட கணக்கில் மூவாயிரத்துக்கும் ஆறாயிரத்துக்கும் இடைப்பட்ட தொகை இதற்காகச் செலவாகிறது என்றால் அதை வீண் என்று சொல்ல எனக்கு மனம் வராது. உம்ராப் பயணத்துக்கு அழைத்துச் செல்வோர் மூன்று வேளை உணவையும் சேர்த்தே கட்டணம் பெறுவதை நம்மில் பலர் நன்றியோடு ஏற்றுக்கொள்வது இதனால்தான். மொழி தெரியாத ஊரில், முதியோரை வைத்துக்கொண்டு உணவு தேடி அலைவதற்கென்று யாரும் அங்கே செல்வதில்லை.

ஏற்காடு அப்படிப்பட்ட ஊர் அன்று. அங்கே ஊரைச் சுற்றுவதற்கென்றே செல்கிறோம். ஏரி, லேடீஸ் சீட், கிளியூர் அருவி, சேர்வராயன் குன்று என்று ஒவ்வொன்றும் ஒரு பக்கம் கிடக்கிறது. மதிய உணவு குறித்த நேரத்தில் விடுதியில் காத்திருக்கிறது என்றால், அருவிக்கு இறங்கிய குடும்பம் பாதியிலேயே கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிடும். பகோடா முனையில் நின்று பள்ளத்தாக்கைப் பார்ப்பவருக்கும் அதே தவிப்பு. (அப்பெயர் கற்களைக் கோபுரம்போல் அடுக்கியதால் வந்தது, தின்னும் பக்கோடாவுக்கும் அதற்கும் தொடர்பில்லை, என்றாலும் அங்கே பஜ்ஜிக் கடைக்குக் குறைவில்லை.) 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்பவர் இம்மலையில் காப்பிப் பயிரைக் கொண்டுவந்தார் என்பர். மிளகும் பலாவும் ஆரஞ்சும் விளையும் மண் இது. இவற்றைக் கூடையில் வைத்துச் சாலையோரம் அமர்ந்திருக்கும் மலைவாழ் பெண்களைக் கடந்து, கட்டிய பணத்துக்காக நூடுல்ஸ் தின்ன விரைவதில் எனக்கு உடன்பாடில்லை. அவர்கள் கைக்குச் செல்ல வேண்டிய சில ரூபாய்களை நாம் சேலத்தைத் தாண்டும் முன்பே வேறிடத்தில் கட்டிவிட்டோம்.

நமக்கு மட்டுமே உரிய சிக்கலும் ஒன்று உண்டு. இறைச்சி முறைப்படி அறுக்கப்பட்டதா என்பது தெரியாத இடத்தில் நம் குடும்பங்கள் சாம்பாரோடும் தயிரோடும் நிறுத்திக்கொள்கின்றன. ஆனால் திட்டத்தின் விலை கோழியையும் மீனையும் சேர்த்தே போடப்பட்டது. நாம் உண்ணாத கோழிக்கு நாமே விலை கொடுத்து அடுத்த மேசைக்கு அனுப்பிவைக்கிறோம். இதைப் பணம் அனுப்பும் முன்பே கேட்டுத் தெளிந்துகொள்ள வேண்டும். சாப்பிட அமர்ந்த பிறகு கேட்டால் பரிமாறுபவர் என்ன செய்வார்?

என்னைக் கேட்டால், முதியோரும் கைக்குழந்தையும் உள்ள குடும்பம் காலை உணவை மட்டும் சேர்த்துக்கொண்டு மற்ற இரு வேளைகளையும் மலையிடமே விட்டுவிடலாம் என்பேன். காலையில் எல்லோரும் விடுதியில்தான் இருப்போம்; இட்டிலிக்கும் உப்புமாவுக்கும் ஹலால் ஐயம் எழாது; வெளியே கிளம்பும் அவசரத்தில் கடை தேடும் அலைச்சலும் மிச்சம். நடக்கவே இயலாத பெரியவர் உடன் வந்தால் மூன்று வேளையும் எடுத்துக்கொள்ளட்டும். அவருக்காக எடுத்தோம் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு, மற்றவர்கள் மதியம் வெளியே இருக்க நேர்ந்தால் ஒரு வேளை போயிற்றே என்று வருந்தாமல் இருக்க வேண்டும்.

இன்னொன்றும் விசாரிக்க வேண்டியிருக்கிறது. சேலத்திலிருந்து வாடகை வண்டியில் நம்மை ஏற்றி வந்த ஓட்டுநர் எந்தப் பிளானிலும் சேர்ந்தவரல்லர். சில விடுதிகள் அவருக்கெனத் தனியே சாப்பாடு தருகின்றன, சில தருவதில்லை. அறை பதியும்போதே கேட்டுவிடலாம். இல்லை என்றால் வேளைக்கு வேளை அவர் கையில் ரூபாயைக் கொடுத்துவிட வேண்டியதுதான். ஏரிக்கரையில் எந்தக் கடையில் சாப்பாடு நன்றாயிருக்கும் என்பது நம்மைவிட அவருக்கே நன்றாகத் தெரியும்.