பறக்கும் சமுதாயங்கள்

அல்லாஹுத் தஆலா தன் திருமறையின் ஸூரத்துல் அன்ஆமில் ஓர் அரிய உண்மையை நமக்கு அறிவித்துள்ளான். பூமியில் நடமாடும் உயிர்களும், இரு சிறகுகளால் பறந்து செல்லும் பறவைகளும் நம்மைப் போன்ற சமுதாயங்களே என்பதுதான் அது. மனிதக் கூட்டத்திற்கு வழங்கும் 'உம்மத்' என்ற சொல்லின் பன்மையையே அந்த வாயில்லா ஜீவன்களுக்கும் அவன் வழங்கியிருக்கிறான். நாமோ, "அது வெறும் குருவி" என்று ஒதுக்கிவிடுகிறோம்.

கண்ணியத்திற்குரிய சகோதரர்களே! சமுதாயம் என்றால் அதற்குக் குடும்பம் உண்டு, வீடு உண்டு, பிள்ளை வளர்ப்பு உண்டு. பறவைகளிடம் இவை எவ்வாறு அமைந்துள்ளன என்று நாம் என்றேனும் நின்று பார்த்ததுண்டா? தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து ஒலிக்கும் வேப்பனப்பள்ளி வட்டாரத்தில் வாழ்வோர் இதற்காக நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. மாந்தோப்பும் ஏரிக்கரையும் கிணற்று மேடும் போதும்.

மாந்தோப்பில் சருகைக் கிளறி ஓயாமல் சளசளக்கும் தவிட்டுக்குருவியைப் பாருங்கள். தனியே அதைக் காண்பது அரிது. கூட்டமாகவே இரை தேடும். ஆபத்தைக் கண்ட ஒன்று குரல் கொடுத்தால் மற்றவை அனைத்தும் உஷாராகிவிடும். ஒரு ஜோடி பொரித்த குஞ்சுகளுக்குக் கூட்டத்திலுள்ள மற்றவையும் இரை கொண்டுவந்து ஊட்டும். உருது பேசும் மக்கள் இதற்கு 'ஸாத் பாயி', அதாவது ஏழு சகோதரர்கள் என்றே பெயரிட்டுள்ளனர். அண்டை வீட்டு அநாதை பசித்திருக்க நாம் வயிறு நிறைய உண்கிறோமே, இந்தக் குருவிக்கு முன் நம் சகோதரத்துவம் எம்மாத்திரம்?

ஏரிக்கரைக்கு வாருங்கள். அங்கே ஆள்காட்டிக் குருவி வெறுந்தரையில் கூழாங்கற்களுக்கிடையே முட்டையிட்டிருக்கும். கல் எது, முட்டை எது என்று பிரித்தறிய முடியாத நிறம்! கோடை வெயில் சுடும்போது அது நீரில் இறங்கி வயிற்றிறகை நனைத்து வந்து முட்டைகளைக் குளிரச் செய்கிறது. இந்த அறிவை அதற்கு ஊட்டியவன் யார்?

கொண்டையை விசிறிபோல் விரித்து, நீண்ட அலகால் மண்ணைக் குத்திப் புழு தேடும் கொண்டலாத்தியை அறிவீர்கள். ஸுலைமான் நபி (அலை) அவர்களுக்கு ஸபா நாட்டு அரசியைப் பற்றிய செய்தியைக் கொண்டுவந்த ஹுத்ஹுத் பறவையின் இனம் இதுவே. மகத்தான ஓர் அரசரே ஒரு பறவையின் சொல்லைச் செவிமடுத்தார் என்பதில் நமக்குப் படிப்பினை இல்லையா?

கிணற்றின் மேல் சாய்ந்த கிளையில் தொங்கும் தூக்கணாங்குருவிக் கூட்டை நெய்வது ஆண் பறவை. பாதி முடிந்ததும் பெட்டை வந்து சோதித்துப் பார்க்கும், பிடித்தால்தான் குடிபுகும். அதன் பிறகே ஆண் மீதிக் கூட்டை முடிக்கும். பின் வேறொரு கூட்டையும் தொடங்கிவிடும். இவ்விவரங்களை 1930-ல் பம்பாய்க்கு அருகே கிஹிம் என்ற கடலோர ஊரில் தங்கி, நாள்தோறும் கவனித்து உலகுக்கு எடுத்துரைத்தவர் ஸாலிம் அலீ என்ற முஸ்லிம் அறிஞர். அப்போது அவருக்கு உத்தியோகம்கூட இல்லை.

1896-ல் பிறந்த இவர், இளமையிலேயே பெற்றோரை இழந்து மாமா அமீருத்தீன் தையப்ஜீயிடம் வளர்ந்தவர். சிறுவனாக இருந்தபோது காற்றுத் துப்பாக்கியால் ஒரு குருவியைச் சுட்டார். அதன் தொண்டையில் மஞ்சள் திட்டு ஒன்றைக் கண்டதும், இதை உண்ணலாமா கூடாதா என்ற ஐயம் எழுந்தது. மாமாவிடம் கேட்டார், அவர் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்திற்கு வழிகாட்டினார். ஹலாலா, ஹராமா என்று எழுந்த அந்த ஒரு சிறு பேணுதல், 1987-ல் மறையும் வரை அவரைப் பறவைகளின் தோழராக்கியது. 1976-ல் நாடு அவருக்குப் பத்ம விபூஷண் விருது வழங்கியது. சுட்ட கையே பின்னர் காக்கும் கையாயிற்று. இடையில் வந்தது அறிவு!

இனி நம் நிலையைப் பார்ப்போம். மரப்பொந்தில் கைவிட்டுக் கிளிக்குஞ்சைக் களவாடிக் கூண்டில் அடைப்பதும், காடைக்கும் கௌதாரிக்கும் கண்ணி வைப்பதும் நம் கிராமப்புறங்களில் விளையாட்டாகவே கருதப்படுகின்றன. ஹஜ்ரத் இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் அறிவிக்கும் நிகழ்ச்சியைக் கேளுங்கள். ஒரு பிரயாணத்தில் தோழர்கள் சிலர் ஒரு பறவையின் இரு குஞ்சுகளை எடுத்துக்கொண்டனர். தாய்ப்பறவை சிறகடித்துத் தவித்தது. அங்கு வந்த கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள், குஞ்சுகளைப் பறித்து அதன் மனத்தை நோகச் செய்தது யார் என்று வினவி, அவற்றைத் திருப்பிக் கொடுத்துவிடுமாறு கட்டளையிட்டார்கள்.

"சிறுவர் அபூ உமைர் குருவி வளர்க்கவில்லையா? நபியவர்கள் அதைத் தடுக்கவில்லையே?" என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். இரையும் நீரும் அளித்து, வதைக்காமல் வளர்ப்பது ஆகும் என்று உலமாக்கள் அதிலிருந்து சட்டம் எடுத்துள்ளனர். ஆனால் கூட்டைக் கலைத்துத் தாயைத் தவிக்கவிட அதில் அனுமதி எங்கே இருக்கிறது? உண்பதற்கு வேட்டையாடுவதை ஷரீஅத் ஆகுமாக்கியது. வீணுக்குக் கொல்லப்பட்ட சிட்டுக்குருவி மறுமையில் அல்லாஹ்விடம் முறையிடும் என்றும் எச்சரித்தது. இன்று 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி நம் காட்டுக் கிளிகளைப் பிடிப்பதும் அடைப்பதும் குற்றமாகும். மார்க்கம் விரும்பும் இரக்கத்தை நாட்டுச் சட்டமும் வலியுறுத்தும்போது, மீறுவதற்கு நம்மிடம் என்ன நியாயம் இருக்கிறது?

ஆகவே சகோதரர்களே! உங்கள் பிள்ளைகளை அழைத்துச் சென்று ஒரு கூட்டைக் காட்டுங்கள். தொடாமல் தூரத்தில் நின்று பார்க்கப் பழக்குங்கள். பறவையின் பெயரும் குணமும் அறிந்த குழந்தை அதன்மீது கல்லெறியக் கூசும். படைப்பை அறிந்தவன் படைத்தவனைப் புகழாமல் இருக்க மாட்டான்.

எல்லாச் சமுதாயங்களுக்கும் இரட்சகனான அல்லாஹ், தன் படைப்புகளிடம் இரக்கம் காட்டும் நல்லடியார்களாக நம்மையும் நம் சந்ததியினரையும் ஆக்கியருள்வானாக! ஆமீன்.