கூடாரவல்லி சொல்லும் ரகசியம்!

'நாளை முதல் விடியற்காலையில் எழுந்து, குளித்து, விளக்கேற்றி, ஸ்லோகம் சொல்ல வேண்டும்' என்று தீர்மானிக்கிறோம். நான்கு நாள் நடக்கிறது. ஐந்தாம் நாள் தூக்கம் ஜெயித்துவிடுகிறது. 'எனக்கு மனஉறுதி போதாது' என்று நம்மையே நொந்துகொள்கிறோம்.

சகோதரிகளே... வெறும் மனஉறுதியை மட்டும் நம்பி ஆண்டாள் நாச்சியாரே பாவை நோன்பைப் பாடவில்லை!

திருப்பாவையின் 2-ஆம் பாசுரத்தில் நெய், பால், கண்ணுக்கு மை, கூந்தலுக்குப் பூ என ஒவ்வொன்றாக விலக்குகிறார்கள் ஆயர்பாடிப் பெண்கள். 27-ஆம் பாசுரத்திலோ, விலக்கிய பாலும் நெய்யும் பெருகித் திரும்பி வருகின்றன. முழங்கை வரை நெய் வழியும் பால்சோறு! கூடவே வளை, தோடு, புத்தாடை! அதைத்தான் மார்கழி 27-ஆம் நாள் அக்காரவடிசல் நிவேதித்து, 'கூடாரவல்லி' என்று கொண்டாடுகிறோம்.

கவனியுங்கள்... பரிசு உண்டு. ஆனால், நோன்புக்குப் பிறகுதான் உண்டு.

27 நாள் காத்திருப்பது எல்லோராலும் ஆகிற காரியமா? அதனால்தானோ என்னவோ, மார்கழி அதிகாலையில் கோயிலுக்குப் போனால் தொன்னையில் சுடச்சுட வெண்பொங்கல் கிடைக்கிறது! பொங்கலுக்காக வரும் குழந்தைகளுக்கு, மாதம் முடிவதற்குள் நாலு பாசுரமாவது மனப்பாடமாகிவிடும்.

நம் வீட்டிலும் இதைச் செய்யலாம். விளக்கேற்றிய பிறகே முதல் காபி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதையும் ஆற அமர உட்கார்ந்து, சூடாகக் குடியுங்கள். ஸ்லோகம் முடிந்ததும், சுவாமிக்குச் சாற்றிய பூவில் ஒரு கண்ணி உங்கள் கூந்தலுக்கு. பரிசு சிறியதாக, அன்றைக்கே கிடைப்பதாக இருக்கட்டும். செய்த நல்லதைக் கெடுக்காததாகவும் இருக்கட்டும். நடைப்பயிற்சி முடித்துவிட்டு ஜாங்கிரி வேண்டாம். பிடித்த பாட்டு ஒன்று கேளுங்கள்! ஒருநாள் தவறினால் அன்று பரிசு இல்லை, அவ்வளவுதான். திட்டிக்கொள்ளாமல் மறுநாள் தொடருங்கள்.

'எல்லோருக்கும் பரிமாறிவிட்டு மிச்சத்தை நின்றபடி சாப்பிடுகிறவள் நான்... எனக்கெதற்குப் பரிசு?' என்று கூச வேண்டாம். இறைவனுக்குக் காட்டிவிட்டு எடுத்துக்கொள்வது பிரசாதம். அதை மறுப்பது அடக்கமாகாது.

இன்னொன்றும் உண்டு. பால்சோற்றோடு திருப்பாவை முடிந்துவிடவில்லை. மேலும் மூன்று பாசுரங்கள் இருக்கின்றன. முதல் பாசுரத்திலேயே 'பறை' என்ற பரிசை நம்பிப் புறப்பட்ட அந்தப் பெண்கள், 29-ஆம் பாசுரத்தில் 'அதற்காக நாங்கள் வரவில்லை. என்றென்றும் உனக்குச் சேவை செய்தால் போதும்' என்று கண்ணனிடமே சொல்லிவிடுகிறார்கள்.

உங்களுக்கும் அப்படியொரு காலை விடியும். காபியை மறந்து விளக்கின் முன் அமர்ந்திருப்பீர்கள். அதுவரை, அந்தச் சின்னப் பரிசு உங்கள் கைபிடித்து அழைத்துச் செல்லட்டும். கோதை நாச்சியார் துணையிருப்பாள்!