தேத்தண்ணி வந்த பிறகு

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் எந்த ஒழுங்கையிலும் அடுக்குமாடிகள்தான். கனடாவிலும் லண்டனிலும் பிள்ளைகளை வைத்திருக்கும் தாய் தகப்பன்மார் பலர் அங்கே தனியே இருக்கிறார்கள். கால் இயலும்வரை ஞாயிறு ஆராதனைக்கு வருவார்கள். முழங்கால் விட்டுவிட்டால் அந்த வாங்கில் வேறு யாரோ உட்கார்ந்துவிடுவார்கள். வீடு தேடிப்போகும் வேலை போதகருக்கு அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்துதான் கூடுகிறது என்று நம்புகிறேன்.

ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருக்களைத் தடைசெய்திருந்த காலத்தில் இந்த நாட்டுத் திருச்சபை வீடுகளில்தான் உயிர் பிழைத்தது. யோசேவாஸ் அடிகளார் கோவாவிலிருந்து புறப்பட்டு, 1687இல் கூலியாளின் கோலத்தில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். இரவில் வீடு வீடாகப் போய்ப் பூசை வைத்தார், பாவசங்கீர்த்தனம் கேட்டார். 1697இல் கண்டியில் அம்மை பரவியபோது, சொந்தக்காரரே காட்டில் கொண்டுபோய் விட்டவர்களைத் தேடிப்போய்ப் பராமரித்தார். 1711இல் கண்டியிலேயே இறந்தார். 2015 ஜனவரியில் பாப்பரசர் பிரான்சிஸ் காலிமுகத்திடலில் அவரைப் புனிதராக அறிவித்தார். அவரை நினைத்தால் எனக்கு முதலில் மனதில் வருவது அந்த நடைதான்.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று, கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலில் குண்டு வெடித்தது. அடுத்த ஞாயிறு பூசைகள் நடக்கவில்லை; கர்தினால் தன் இல்லத்தில் ஒப்புக்கொடுத்த திருப்பலியை மக்கள் தொலைக்காட்சியில் பார்த்தார்கள். ஜூன் 12இல் கோவில் மறுபடி திறந்தது. பிள்ளையைப் பறிகொடுத்த கொட்டாஞ்சேனை வீட்டுக்கு அப்படியொரு தேதி இல்லை. செத்தவீட்டுக்கு எல்லாரும் போவார்கள். முப்பத்தோராம் நாளும் முடிந்து, வாடகைக் கதிரைகள் திரும்பிப் போன பிறகு அந்த வாசலில் ஏறுகிறவர்தான் அவர்களுக்கு வேண்டும்.

கைத்தொலைபேசியில் ஒரு வசனத்தை அனுப்பிவிட்டு அதைச் சந்திப்பாக எண்ணுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. உள்ளே போனால்தான் மருந்து தீர்ந்து கிடப்பது தெரியும். மத்தியானச் சட்டி ஆறியபடி மூடியிருப்பதும் தெரியும். போதகர்மாரை மட்டும் குறை சொல்லவும் மனம் வரவில்லை. கூட்டங்களையும் கட்டட நிதியையும் அவர்கள் தலையில் ஏற்றுகிறவர்கள் சபையாராகிய நாங்கள்தான். அந்தச் சுமையில் பாதியை நாங்கள் வாங்கிக்கொண்டால் அவர்களுக்குப் பின்னேரங்கள் மிஞ்சும்.

போகிறவர் ஜெபம் முடிந்த கையோடு எழும்பக்கூடாது. தேத்தண்ணி வந்து, அதைக் குடிக்கத் தொடங்கிய பிறகுதான், "ஐயா, ஒரு விசயம்" என்று அந்த வீட்டு அம்மா வாய் திறப்பார்.