மன்னனை எதிர்ப்பதும் மக்களை மறுப்பதும்

முடிமன்னனை எதிர்த்து ஒருவன் முழங்கினான் என்றால் நாம் கைதட்டுகிறோம். மாளிகைக்கு முன்னே மண்டியிட மறுத்தான் என்றால் மாலை சூட்டுகிறோம். முறைதான்! ஆனால், தன்னைத் தோளில் சுமந்துவந்த மக்களையே நோக்கி, "நீங்கள் போகும் வழி பிழை" என்று அவன் சொன்னால்? அப்போதும் மாலை சூட்டுவோமா? நன்றி கெட்டவன் என்று தூற்றுவோமா? மக்களால் அனுப்பப்பட்டவன், அனுப்பிய மக்களை மறுக்கலாமா?

ஏட்டில் மட்டும் எழுதிப் பார்க்கும் கேள்வியன்று இது. ஒரு மனிதனின் நெஞ்சைப் பிளந்த கேள்வி. அந்த மனிதர் கீர் ஹார்டி.

1856ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15ஆம் நாள், ஸ்காட்லாந்தின் லானார்க்‌ஷயரில், வீட்டு வேலை செய்து பிழைத்த ஒரு பெண்ணுக்கு, அவள் மணமாகும் முன்னரே பிறந்த பிள்ளை அவர். பிறப்பைக் காட்டிப் பழிக்கும் உலகம், அவரைப் பழிக்கத் தொட்டிலிலேயே காரணம் வைத்திருந்தது. முறையான பள்ளிப் படிப்பு அவருக்குக் கிட்டவில்லை. எழுத்தைக் கூட்டிப் படிக்கத் தாய்தான் கற்றுக்கொடுத்தாள். விளையாடும் வயதில் வேலைக்குப் போனார்.

ரொட்டிக் கடையொன்றில் எடுபிடியாக இருந்தபோது நடந்ததை அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். வீட்டில் தம்பி சாகக் கிடந்தான். இரவெல்லாம் கண்விழித்த சிறுவன், காலையில் கால் மணி நேரம் பிந்திப் போனான். பக்திமான் என்று ஊர் புகழ்ந்த முதலாளி, குடும்பத்தோடு உணவு மேசையில் அமர்ந்திருந்தார். வேலை போயிற்று, வரவேண்டிய கூலியும் போயிற்று! வெறுங்கையோடு வீடு திரும்பினான் பிள்ளை.

பத்து வயதில் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் இறங்கினார். காற்று செல்லும் கதவைத் திறந்து மூடுவது வேலை. இருட்டிலே, தன்னந்தனியே, நாள் முழுவதும்! வளர்ந்து வாலிபனான பிறகு, விளக்குப் புகையில் கறுத்த கல்லின்மீது ஊசியால் கீறிக் கீறிச் சுருக்கெழுத்துப் பழகினார். தொழிலாளரைத் திரட்டினார்; உடனே சுரங்க முதலாளிகளின் கதவுகள் அவருக்கு அடைபட்டன.

1888இல் மிட்-லானார்க் இடைத்தேர்தலில் நின்றார். லிபரல் கட்சியார் தூது விட்டனர்: "இப்போது விலகிக்கொள், பிறகு வெற்றி உறுதியான தொகுதி தருகிறோம், ஆண்டுக்கு 300 பவுனும் தருகிறோம்." பாராளுமன்ற உறுப்பினருக்குச் சம்பளமே இல்லாத காலம் அது. ஹார்டி மறுத்தார். பெற்ற வாக்குகள் 617. கடைசி இடம்! ஆனால் விலைபோகாத 617 வாக்குகள் அவை.

1892இல் லண்டனின் வெஸ்ட் ஹாம் தெற்குத் தொகுதி அவரை அனுப்பிற்று. பட்டுத் தொப்பியும் நீண்ட கறுப்பு அங்கியும் அணிந்த கனவான்களுக்கு நடுவே, முரட்டுத் துணி உடையும் சாதாரணக் குல்லாயுமாக நுழைந்தார் அவர். முகம் சுளித்தது மன்றம்.

முதல் சோதனை 1894இல் வந்தது. அவ்வாண்டு ஜூன் 23ஆம் நாள், தெற்கு வேல்ஸின் ஆல்பியன் சுரங்கம் வெடித்து 290 பேர் மாண்டனர். அதே நாளில் அரச குடும்பத்தில் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. அந்தச் சில நாட்களுக்குள் பிரெஞ்சு நாட்டுத் தலைவர் கார்னோவும் கொலையுண்டார். மன்றம் கூடியது. கார்னோவுக்கு இரங்கல், வேண்டியதுதான். அரசகுமாரனுக்கு வாழ்த்து, அதுவும் வழக்கம்தான். 290 தொழிலாளருக்கு? தீர்மானம் இல்லை! ஹார்டி கேட்டார். அவர்களுக்காக மன்றம் வருந்துகிறது என்று போகிற போக்கில் ஒரு சொல். அத்தோடு முடித்தார் அவை முன்னவர்.

எழுந்தார் ஹார்டி. அந்தக் குழந்தை பிறந்ததால் நாட்டுக்கு என்ன நன்மை என்று கேட்டார். பிள்ளைப் பருவம் முதலே துதிபாடிகள் சூழ்வர். மற்றவரினும் தான் மேலான பிறவி என்று அவனுக்குக் கற்பிப்பர். உலகம் சுற்ற அனுப்புவர். தகுதிக்குக் குறைந்த மணம் என்ற வதந்தியும் எழும். முடிவில் செலவு நாட்டின் தலையில் விழும் என்றார். ஊளையிட்டது மன்றம். அந்தக் குழந்தைதான் எட்டாம் எட்வர்ட். தான் விரும்பிய பெண்ணை மணப்பதற்காக 1936இல் முடி துறந்தவர்! ஹார்டிக்குச் சோதிடம் தெரியாது. பிறப்பால் உயர்வு என்ற பொய்யை ஊட்டி வளர்த்தால் மனிதன் என்ன ஆவான் என்று கணக்குப் போடத் தெரிந்திருந்தது; அவ்வளவே.

1895இல் தொகுதியை இழந்தார். ஆனால் 1900இல், போயர் போர் வெறி பொங்கிய வேளையில், அந்தப் போரைக் கண்டித்த அவரையே தெற்கு வேல்ஸின் மெர்தர் டிட்வில் சுரங்கத் தொகுதி தேர்ந்தெடுத்தது. 1906இல் 29 தொழிற்கட்சி உறுப்பினர்களுக்குத் தலைவரானார். பெண்களுக்கு வாக்குரிமை கேட்டார். 1907இல் இந்தியாவுக்கு வந்து, வங்கத்தின் குமுறலைக் கண்டு, இந்நாட்டுக்குத் தன்னாட்சி வேண்டும் என்றார். லண்டன் ஏடுகள் அவரைக் கடித்துக் குதறின. அத்தனையும் தாங்கினார். ஏன் முடிந்தது? மன்றம் சீறினாலும், மெர்தர் மக்கள் தம் பின்னே நிற்கிறார்கள் என்ற நினைவு இருந்தது.

1914 வந்தது. அந்தத் துணையும் போயிற்று!

ஆகஸ்ட் 4ஆம் நாள் பிரிட்டன் போரில் இறங்கிற்று. இரண்டே நாளில், தம் தொகுதியைச் சேர்ந்த அபர்டேர் நகரில் மேடையேறினார் ஹார்டி. எந்த நாட்டுத் தொழிலாளியும் இன்னொரு நாட்டுத் தொழிலாளிக்குப் பகைவனல்லன் என்பது அவர் வாழ்நாள் கொள்கை. போர் மூண்டால் வேலைநிறுத்தம் என்று 1910இல் கோபன்ஹேகன் மாநாட்டிலேயே வலியுறுத்தியவர். அதைச் சொல்லத்தான் வந்தார். சொல்லவிடவில்லை! கூச்சல், குழப்பம், நாட்டுப்பற்றுப் பாடல்கள்! அவர் தங்கிய வீடு வரை துரத்திற்று ஆரவாரம். செய்தவர்கள் சீமான்களல்லர்; 14 ஆண்டுகள் அவரை அனுப்பிவந்த சுரங்கத் தொழிலாளர்கள்.

இங்கேதான் நம் கேள்வி நிமிர்ந்து நிற்கிறது. "மக்களாட்சியில் மக்கள் சொல்லே முடிவு, அவர்கள் போர் வேண்டும் என்றால் இவர் யார் வேண்டாமென்பதற்கு?" என்று கேட்போர் உண்டு. எளிதில் தள்ளிவிடக்கூடிய வாதமன்று அது. அபர்டேரில் கூவியவர் எல்லாரும் வெறியருமல்லர். பெல்ஜியம் மிதிக்கப்பட்டது கண்டு கொதித்தவரும் இருந்திருப்பர். தனித்து நிற்பவன் சொல்வதெல்லாம் உண்மை என்றும் நாம் சொல்லவில்லை. தனித்து நின்ற மூடர்களும் உண்டு!

ஆனால் எண்ணிப் பாருங்கள், தோழர்களே! ஹார்டி தம் கருத்தை ஒளித்து வாக்கு வாங்கினாரா? இல்லை, போரை எதிர்ப்பவர் என்று அறிந்துதான் 1900இல் அனுப்பினர். லண்டனில் பாதுகாப்பாக இருந்துகொண்டு கடிதம் எழுதினாரா? இல்லை, அவர்கள் முகத்துக்கு நேரே சொல்ல வந்தார். தம்மை விலக்கும் உரிமையை அவர்களிடமிருந்து பறித்தாரா? அதுவுமில்லை. முன்னரே சொல், நேரில் நின்று சொல், தீர்ப்பை அவர்கள் கையில் விடு. இந்த மூன்றும் உள்ளவன் மக்களை மறுக்கலாம், மறுக்கவும் வேண்டும். இவை இல்லாதவன் மக்களை மறுத்தால் அது ஆணவம். மக்களுக்குத் தலையாட்டினாலும் அது வாணிபம்!

மன்னனுக்குத் துதிபாடுவது அடிமைத்தனம் என்கிறோம். கூட்டத்துக்குத் துதிபாடுவது மட்டும் எப்படித் தொண்டாகும்? எட்வர்டைக் கெடுக்கும் என்று ஹார்டி சொன்ன அதே நஞ்சு, மக்கள் காதில் ஊற்றினால் மட்டும் அமுதமாகிவிடுமா?

ஹார்டி நாத்திகரல்லர்; ஏசுவின் அறவுரையில் தம் சமதர்மத்தைக் கண்டவர். அவர் நம்பிக்கையை நாம் ஏற்கவில்லை. அதற்காக அவர் நேர்மையை எடைபோடத் தயங்கவும் வேண்டியதில்லை. கூலியைப் பறித்த ரொட்டிக் கடைக்காரரும் அதே ஏசுவைத்தானே தொழுதார்! மனிதனை அளக்கும் கோல், அவன் தொழுகை அன்று, நடத்தை.

1915 செப்டம்பர் 26ஆம் நாள், 59ஆம் வயதில், உடைந்த உள்ளத்தோடு ஹார்டி கிளாஸ்கோவில் மறைந்தார். இடைத்தேர்தலில் மெர்தர் யாரை அனுப்பிற்று? அபர்டேர்க் கூச்சலை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவரான ஸ்டான்டனை! பிரிட்டன் ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்களைப் பறிகொடுத்த பின் போர் ஓய்ந்தது. 1922இல் அபர்டேர் மக்கள் அதே ஸ்டான்டனைத் தோற்கடித்தனர். மெர்தர் மக்களோ, போரை எதிர்த்துச் சிறை சென்ற வால்ஹெட்டை மன்றத்துக்கு அனுப்பினர்.

அந்தச் செய்தி ஹார்டியின் காதுக்கு எட்டவில்லை. எட்டும் என்று எதிர்பார்த்தும் அவர் அபர்டேரில் மேடையேறவில்லை. நாளை நம் ஊரே ஒரு பக்கம் திரண்டு நிற்கும். அது பிழை என்று நம் அறிவு சொல்லும். அன்று நம் நாக்கு எழுமா? இதற்கு விடை காண முடியாதவரை, மன்னர்களை நாம் எதிர்ப்பதில் பெரிய வீரம் ஒன்றுமில்லை.