பனி விழுந்த அளவு

தூத்துக்குடி பனிமய மாதா கோயில் திருவிழா ஜூலை 26இல் கொடியேறி ஆகஸ்ட் 5இல் நிறைவுபெறும். பனியே விழாத ஊரில், உப்பளக் காற்று உடம்பெல்லாம் பிசுபிசுக்கும் நாட்களில், பனியின் பெயரால் ஒரு மாதா! 1713இல் எழுந்த இக்கோயில் 1982இல் பேராலயமானது. பெயருக்குரிய ஐதீகம் ரோமில் பிறந்தது. நான்காம் நூற்றாண்டில், கடுங்கோடையில் எஸ்குவிலின் குன்றில் பனி பெய்ததாம். அது படிந்த பரப்பையே அங்கே கட்டிய ஆலயத்தின் அளவாகக் கொண்டார்களாம். அற்புதத்தை நம்பாதவரும் ஒன்றைக் கவனிக்கலாம்: வானம் அங்கே குளிர்ச்சியோடு அளவையும் சேர்த்தே தந்தது.

மற்றவர்கள் அளவைத் தாங்களே தேட வேண்டியிருக்கிறது. தூத்துக்குடிக்காரர் ஏசி கடையில் கேட்கிறார்: ஒரு டன் போதுமா, ஒன்றரை வேண்டுமா? "எதுக்கும் பெருசாவே போட்ருவோம்ணே" என்பதுதான் வழக்கமான தீர்ப்பு.

இந்த டன் எடைக் கணக்கிலிருந்து வந்தது. 2,000 பவுண்டு பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது உறிஞ்சும் வெப்பமே ஒரு டன். வெப்ப அலகில் சொன்னால் மணிக்கு 12,000 பி.டி.யூ. பனிக்கட்டியே குளிர்ச்சி தந்த காலத்தின் அளவு அது. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்க 1842இல் சென்னைக் கடற்கரையில் ஐஸ் ஹவுஸ் கட்டினார்கள். 

பெரிதாக வாங்கினால் என்ன கெட்டுவிடும்? இங்கேதான் வேடிக்கை. சிறிய அறையில் பெரிய ஏசி சட்டென்று குளிர்வித்துவிட்டு நின்றுவிடும். காற்றின் ஈரம் குளிர்ந்த காயிலில் படிந்து வடிய நேரம் வேண்டும். அந்த நேரம் கிடைப்பதில்லை. வெப்பமானி 24 காட்டும், படுக்கை நமுத்துக் கிடக்கும். கடலோர ஊருக்கு இது பெருங்குறை. இன்வெர்ட்டர் ஏசி வேகத்தைத் தணித்துக்கொள்ளும் என்பது உண்மைதான். ஆனால் அதற்கும் ஒரு கீழெல்லை உண்டு. அதற்குக் கீழே அதுவும் நின்று நின்றுதான் ஓடும்.

இவ்வளவு குறையிருந்தும் ஏன் பெரிதையே கேட்கிறோம்? அளவறிதலைச் சமயங்கள் பெரும்பாலும் ஆசைக்கு எதிரான மருந்தாகவே பேசுகின்றன. கடைக்காரர் முன்னால் நிற்பவரை ஆட்டுவதோ, பெரும்பாலும், ஆசையல்ல. போதாமல் போய்விடுமோ என்ற பயம். பயந்தவரிடம் துறவைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

இதற்குப் பொருத்தமான விடை தூத்துக்குடி மாவட்டத்திலேயே இருக்கிறது. கழுகுமலைப் பாறையில் பாண்டியர் காலச் சமணத் தீர்த்தங்கரர் சிற்பங்கள் வரிசையாக அமர்ந்திருக்கின்றன. அந்தச் சமணம் துறவியை எல்லாவற்றையும் விடச் சொன்னது. இல்லறத்தாருக்கு விதித்த ஐந்து அணுவிரதங்களில், அதாவது சிறு நோன்புகளில், ஐந்தாவது, உடைமைக்கு ஒரு வரம்பு கட்டிக்கொள்வது. வரம்பு எவ்வளவு என்று கணக்கிட வேண்டியவர் இல்லறத்தாரே. குடும்பத்தின் தேவையைத் தானே உட்கார்ந்து எண்ணிப் பார்க்காமல் அந்த விரதத்தை எடுக்கவே முடியாது. பயத்துக்கு இதைவிட நல்ல சிகிச்சை இல்லை என்றே தோன்றுகிறது.

அனுபவமுள்ள ஏசி மெக்கானிக் செய்வதும் இந்தக் கணக்கைத்தான். அறையின் நீள அகலம், மேற்குச் சுவர், மேலே மாடி உண்டா வெறும் தளமா, எத்தனை பேர் படுப்பார்கள் என்று கேட்பார். வெயில் நேராக இறங்கும் தளமென்றால் ஒன்றரை டன் சொல்வதில் தவறில்லை. முதலில் மொட்டைமாடிக்குச் சுண்ணாம்பு அடித்து, மேற்கு ஜன்னலுக்கு வெளியே ஒரு தட்டி கட்டிவிட்டுக் கணக்குப் போட்டால், அதே அறைக்கு ஒரு டன்னே போதும் என்று வரவும் கூடும்.