தொட்டியும் ஆறும்

பிள்ளையைப் பொத்திப் பொத்தி வளர்ப்பது அன்பா? கண்காணாத இடத்துக்குப் போகவிடுவது அன்பா? வயதுவந்த பிள்ளைகள் இருக்கிற வீடுகளிலெல்லாம் இந்தக் கேள்வி உண்டு.

சபைக் குடும்பங்களாய் வேன் பிடித்து ஊட்டிக்குப் போயிருந்தபோது, அங்கிருந்து சுமார் 28 கிலோமீட்டர் தூரத்திலுள்ள அவலாஞ்சிக்கும் போனோம். அங்கே டிரவுட் மீன்குஞ்சு பொரிக்கும் பண்ணை இருக்கிறது. 1907-ல் எச்.சி. வில்சன் என்ற வெள்ளைக்காரர் ஏற்படுத்தியது. துரைமார் தூண்டில் போடுவதற்காக மலை ஓடைகளில் விட்ட மீன் இது. பிறந்த ஆற்றைவிட்டுக் கடலுக்குப் போய், முட்டையிட அதே ஆற்றுக்குத் திரும்புகிற சால்மனுக்கு இது நெருங்கிய சொந்தம்.

இப்படிப்பட்ட பண்ணையில் எவ்வளவு கவனம் பாருங்கள்! பெண்மீனின் வயிற்றை மெதுவாய் அமுக்கி முட்டைகளை எடுத்து, ஆண்மீனின் விந்தோடு கலக்கிறார்கள். தட்டில் பரப்பி, குளிர்ந்த தண்ணீர் ஓடும் தொட்டியில் வைக்கிறார்கள். செத்த முட்டை வெளுத்துப்போகும். அதைப் பொறுக்கி எடுக்காவிட்டால் பூஞ்சை பிடித்துப் பக்கத்து முட்டையையும் கெடுத்துப்போடும். பொரித்த குஞ்சு முதலில் தன் வயிற்றோடு ஒட்டியிருக்கும் மஞ்சள்கருவினாலேயே பிழைக்கும். அப்புறம்தான் தீனி.

ஆனால் தொட்டியிலேயே வளர்ந்த மீனுக்கு ஒரு குறைவு உண்டு. தண்ணீர்மேல் நிழல் விழுந்தால் ஆற்றுமீன் பதுங்கும். தொட்டிமீனோ, தீனி வருகிறது என்று மேலே எழும்பும். ஆற்றிலே அந்த நிழல் மீன்கொத்தியின் நிழலாயிருந்தால்?

இதை நான் ஒரு தாயாரிடம் சொன்னேன். மகளுக்குக் கோயம்புத்தூர்க் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது, அனுப்ப மனமில்லை. அவர்கள் சொன்னார்கள்: "பாஸ்டரய்யா, மீனுன்னா ஆயிரம் விடுவாங்க, நூறு செத்தாலும் கணக்கு சரியாப்போகும். எனக்கு இருக்கிறது ஒண்ணே ஒண்ணு!"

நியாயமான வார்த்தை. பிள்ளை கணக்கு அல்ல. ஆகவே, "தள்ளிவிடுங்கள், தானாய் நீந்தும்" என்று நான் சொல்லமாட்டேன். ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள்: தொட்டிக்குள்ளேயும் தண்ணீர் ஓடிக்கொண்டேயிருக்கிறது. தேங்கிய தண்ணீரில் முட்டை மூச்சுமுட்டிச் சாகும். காப்பது என்றால் ஓட்டத்தையே நிறுத்திவிடுவது அல்ல.

மோசேயின் தாயும் அப்படித்தான். மூன்று மாதம் ஒளித்துவைத்தாள். பிறகு நடு ஆற்றிலா எறிந்தாள்? பெட்டிக்குக் கீல் பூசினாள், நாணலுக்குள்ளே வைத்தாள், அக்காள் தூரத்தில் நின்று பார்த்தாள். ஆயத்தம்பண்ணி, விட்டுவிட்டு, கண்ணையும் எடுக்காதிருந்தார்கள்!

பெற்றோரே, பிள்ளை வீட்டில் இருக்கும்போதே கொஞ்சம் ஓட்டத்தைக் காட்டுங்கள். பஸ் ஏறித் தனியாய்ப் பல்லாவரம் போய்வரட்டும். மாதச் செலவுக் கணக்கை எழுதிப் பழகட்டும். போனில் இனிக்க இனிக்கப் பேசுகிறவனை நம்பாதே என்று அதட்டினால் போதாது. அவன் ஏன் இனிக்கப் பேசுகிறான் என்று உட்கார்ந்து விளக்குங்கள். நிழலுக்கும் தீனிக்கும் வித்தியாசம் தெரிந்த பிள்ளையை அனுப்பலாம்.

ஆற்றில் விட்ட மீனைப் பண்ணைக்காரர் கூப்பிட முடியாது. நம் பிள்ளைக்கோ வீட்டுக்கதவு உண்டு. ஒரு சங்கடம் வந்தால், "திட்டுவாங்களே" என்று பயந்து மறைக்காமல் முதல் போன் நமக்கே போடுமா? அதற்கேற்றபடி இன்றைக்கே பேசிப் பழகுவோம். கர்த்தர் நம் பிள்ளைகளைக் காப்பாராக. ஆமென்.