மீண்டும் பருத்தவர் குற்றவாளியா?

உடற்பருமனுக்காக இரைப்பையில் ரண சிகிச்சை செய்துகொண்டோரிற் சிலர், இரண்டோர் ஆண்டு இளைத்திருந்து, பின்னர் மெல்ல மெல்லப் பருக்கக் காண்கின்றோம். உடனே, "இத்தனை பணம் செலவழித்தும் வாயைக் கட்டத் தெரியவில்லையே!" என்று தீர்ப்புச் சொல்லிவிடுகின்றோம். அது நியாயமான தீர்ப்புத்தானா?

ஒருவரைக் குற்றவாளி என்பதற்கு, அக்காரியம் அவர் கைவசம் இருந்திருக்க வேண்டும் அன்றோ? டென்மார்க் தேசத்தில் தத்துப் பிள்ளைகளாய் வளர்ந்த 540 பேரைப் பற்றிய ஆராய்ச்சி 1986-இல் வெளிவந்தது. அவர்கள் உடற்கட்டு பெற்றவர்களை ஒத்திருந்ததேயன்றி, ஊட்டி வளர்த்தவர்களை ஒத்திருக்கவில்லை. கனடாவின் கியூபெக்கில், ஒரே கருவிற் பிறந்த 12 ஜோடி இரட்டையருக்கு 84 நாள், நாளொன்றுக்கு 1,000 கலோரி அதிகமாக உணவளித்தனர். 1990-இல் வெளியான முடிவின்படி, ஒருவருக்கு ஏறியது நாலு கிலோ சொச்சம்; இன்னொருவருக்கோ பதின்மூன்று. ஆனால் ஒரு ஜோடிக்குள் இருவருக்கும் இருந்த வேறுபாடு, ஜோடிகளுக்கிடையே இருந்ததைவிடக் குறைவாக இருந்தது.

1997-இல் கேம்பிரிட்ஜ் டாக்டர்கள், பாகிஸ்தானிய வம்சத்துக் குழந்தைகள் இருவரைப் பற்றி எழுதினர். பசி அடங்கிற்று என மூளைக்கு அறிவிக்கும் 'லெப்டின்' என்னும் சுரப்பு பிறவியிலேயே அவர்களுக்கு இல்லை. எத்தனை உண்டும் பசி தீரவில்லை. அச்சுரப்பை ஊசி மூலம் ஏற்றியதும் அப்பசி தணிந்தது. இக்காரணம் தெரியாத காலத்தில் அத்தகைய பிள்ளையை 'பெருந்தீனி' என்றும், தாயை வளர்க்கத் தெரியாதவள் என்றும்தானே ஊரார் சொல்லியிருப்பர்?

இது மிக அபூர்வமான நோய். பெரும்பாலோரிடம், சிறு சிறு பாரம்பரியக் கூறுகள் பல சேர்ந்தே வேலை செய்கின்றன. ரண சிகிச்சையின் பலனும் இதற்கு விலக்கன்று. அமெரிக்காவின் பாஸ்டனில் 2011-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், இச்சிகிச்சை பெற்ற நெருங்கிய இரத்த உறவினர் இளைத்த அளவு ஒத்திருந்தது. இரத்த சம்பந்தமின்றி ஒரே வீட்டில் வாழ்ந்தோரிடம் அவ்வொற்றுமை காணவில்லை. மேலும், எடை குறைந்த உடல் சும்மா இருப்பதில்லை. பசியைக் கூட்டியும் செலவைச் சுருக்கியும் இழந்ததை மீட்கப் பார்க்கின்றது.

"அப்படியானால் யாவும் பிறவிப் பயன் என்று கைகட்டி இருப்பதா?" எனச் சிலர் வினவலாம். இல்லை. உணவு, உழைப்பு, மருந்து, மனக்கவலை எல்லாவற்றுக்கும் பங்குண்டு. ஆனால் தந்தை விட்டுப்போன கடனோடு கடை திறந்தவனிடமும், கைநிறைய முதலோடு திறந்தவனிடமும் ஒரே லாபத்தை எதிர்பார்க்கும் வியாபாரி நம்மில் உண்டா? பேரேட்டில் நாம் காட்டும் இந்த நிதானத்தை விருந்துப் பந்தியில் காட்டுவதில்லை; அடுத்தவர் தட்டை அல்லவா எண்ணுகின்றோம்! நம் ஏளனத்துக்கு அஞ்சி, எடை கூடியவர் டாக்டரிடம் திரும்பிச் செல்லவே கூசுகின்றார். மருந்து மாற்றியோ வேறு வழியிலோ உதவக்கூடிய நேரம் அவ்வாறே கழிந்துவிடுகின்றது.

இன்னொன்று. சிறிது எடை திரும்பினால் சிகிச்சையே வீண் என்பதும் தவறான கணக்கே. ஸ்வீடனில் 1987-இல் தொடங்கிய பெரிய ஆராய்ச்சியில், இரைப்பைக்கு மாற்றுவழி அமைத்துக்கொண்டோர் முதல் இரண்டாண்டுக்குள் 32 சதவீதம் இளைத்தனர். பத்தாண்டுக்குப் பின் அது 25 சதவீதமாயிற்று. அதே ஆராய்ச்சியில் பலவகை ரண சிகிச்சை பெற்ற 2,010 பேரில், சராசரி பதினோராண்டு அளவில் இறந்தவர் 101. பெறாத 2,037 பேரில் 129.